ஆட்சேபிக்க முப்பது நாள்

மார்ச் 2

அக்காவுக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பாய். பதினான்கு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, காரியம் ஆகவேண்டும் என்றதும் வந்து நிற்கிறான் பார் என்று திட்டுவாய். திட்டிக்கொள். காரியம்தான்.

எங்கள் குழு அந்த நானூறு வருஷத்துப் பழைய ஆங்கிலத் துன்பியல் நாடகத்தைத் தமிழில் போடுகிறது. செத்துப்போன ராஜா, தன் மகன் முன்னால் வந்து நின்று, என்னைக் கொன்றவன் என் தம்பி, இப்போது உன் அம்மாவுக்குப் புருஷனும் அவன்தான் என்று சொல்கிறாரே, அதுதான். ஏப்ரல் இருபதாம் தேதி முதல் காட்சி. இயக்கம் நான்.

சிக்கல் எங்கே என்றால், அந்த ராஜாவாக நடிப்பவர் ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார். நான் நல்லவனா, கெட்டவனா? மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் ‘ஆவி’ என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் ‘பேய்’ என்று இருக்கிறது. ஆவி என்றால் முகத்துக்கு வெள்ளை பூசவேண்டும், பேய் என்றால் கறுப்பு என்கிறார் ஒப்பனைக்காரர். எனக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து ஜனங்கள் எதை நம்பினார்கள், செத்தவர் வருவார் என்று நினைத்தார்களா, பழி வாங்குவதை எப்படிப் பார்த்தார்கள் என்று பார்வையாளருக்குக் கொடுக்கும் கையேட்டில் அச்சடிக்க இரண்டு பக்கம் வேண்டும். சரித்திரம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கி, இப்போது பாடப்புத்தகத்தில் ஒற்றெழுத்துத் தேடிக்கொண்டிருக்கும் ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும்.

போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் கத்துவோம். காகிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அம்மா எப்படி இருக்கிறாள்?

தம்பி

*

மார்ச் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஏழு சந்திப்பிழைகள். திருத்தித் திருப்பி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன், சுருக்கிக்கொள். அந்த நாட்டில் பல நூறு ஆண்டுகளாக இருந்த நம்பிக்கை இது. சாகிறவர் எல்லாரும் நேராகச் சொர்க்கத்துக்கோ நரகத்துக்கோ போவதில்லை. நடுவில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று உண்டு. செய்த சிறு பாவங்கள் எரிந்து தீரும்வரை அங்கே நெருப்பில் கிடக்கவேண்டும். உயிரோடு இருப்பவர்கள் வேண்டிக்கொண்டால் அந்தக் காலம் குறையும். ஆகவே அப்பா செத்த பிறகும் மகனுக்கு வேலை இருந்தது. அப்பாவும் எப்போதாவது வந்து, எனக்காக வேண்டிக்கொள் என்று கேட்கலாம்.

பிறகு நாட்டின் மதம் மாறியது. அப்படி ஓர் இடமே கிடையாது என்று சட்டம் போட்டார்கள். செத்தவர்களுக்காகப் பிரார்த்திக்கும் கூடங்களை மூடினார்கள். இறந்தவருக்காக உயிரோடு இருப்பவர் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இதை நான் பரீட்சைக்குப் படித்தபோது இரண்டு மதிப்பெண் கேள்வியாகத்தான் தெரிந்தது. இப்போது எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

நாடகம் வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. கொட்டகையில் நின்றவர்களில் பழைய நம்பிக்கைக்காரர் இருந்தார், புதியவர் இருந்தார், அம்மாவுக்கு ஒன்று அப்பாவுக்கு ஒன்று என்று வளர்ந்தவரும் இருந்தார். பழையவர் அந்த ராஜாவைப் பார்த்து, பாவம், நெருப்பிலிருந்து வருகிறார் என்பார். புதியவர், செத்தவர் வரமாட்டார், சாத்தான்தான் அப்பாவின் முகத்தை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான், துக்கத்தில் இருப்பவனைத்தான் அவன் தேடி வருவான் என்பார். வைத்தியர்களோ, உடம்பில் கரும்பித்தம் கூடியவனுக்கு இல்லாதது தெரியும் என்றார்கள். ஒரே உருவம்தான், பார்ப்பவரைப் பொறுத்து மூன்றாகத் தெரிந்தது. ஆகவே உன் நடிகரிடம், அது உமக்கே தெரியக்கூடாது என்று சொல். வெள்ளையும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். இதை வேறு யாரும் சொல்லி நீ தெரிந்துகொள்ளக்கூடாது என்பதால் எழுதுகிறேன். அம்மாவும் சித்தப்பாவும் திருமணத்தைப் பதிவு செய்ய விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். பதிவாளர் அலுவலகப் பலகையில் நான்காம் தேதி அறிவிப்பு ஒட்டினார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் மூன்றுக்குள் சொல்லவேண்டும்.

அக்கா

*

மார்ச் 9

அக்கா,

சாத்தானைப் பற்றி மூன்று பத்தி, அம்மாவின் கல்யாணத்தைப் பற்றிக் கடைசியில் நாலு வரி. பலே.

அந்த ஆளை நான் சித்தப்பா என்று எழுதமாட்டேன். நடந்ததை நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கை இழுத்துக்கொண்டது, வாய் கோணியது. பக்கத்தில் இருந்த அந்த ஆள் என்ன செய்தார்? பெஞ்சில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற வண்டியில் வாடிக்கையாளரின் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி முடித்தார். நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதை எனக்குச் சொன்னவளே நீதான். அப்பாவை எடுத்த அன்று எல்லார் முன்னாலும் அதைத்தான் நான் கேட்டேன். என்னை வெளியே போ என்றவளும் நீதான்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ அவர் காதில் போனை வைத்தாய். குழறிக் குழறி அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது என்ன? “உன் சித்தப்பன... அவன விட்டுடாத.” அதற்கு மேல் அவரால் முடியவில்லை. செத்தவர் எழுந்து வந்து சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டுப் போனார். நான்தான் பதினான்கு மாதமாக ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன்.

இப்போது செய்யப்போகிறேன். நான்கு பக்க ஆட்சேப மனு இத்துடன் இருக்கிறது. கணவன் சாவுக்குக் காரணமானவரையே மனைவி மணக்கிறாள் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். நீயும் கையெழுத்துப் போடு. உன் ஆங்கிலேயர்களே அண்ணன் மனைவியைத் தம்பி கட்டுவது மகாபாவம் என்றுதானே நினைத்தார்கள்? அதையும் கையேட்டுக்கு எழுதி அனுப்பு.

தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

உன் மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை, இத்துடன் வருகிறது.

நினைத்தார்கள், உண்மைதான். ஆனால் முழுதாகக் கேள். அவர்கள் வேதத்தில் ஓரிடத்தில் அண்ணன் மனைவியைத் தொடாதே என்று இருக்கிறது. இன்னோரிடத்தில், அண்ணன் பிள்ளையில்லாமல் செத்தால் தம்பி அவளை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று இருக்கிறது. அந்த நாட்டு அரசர் ஒருவர் அண்ணனின் விதவையைத்தான் மணந்தார். போப்பிடம் அனுமதி வாங்கித்தான் மணந்தார். இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டு, ஆண் வாரிசு இல்லை, மனமும் இன்னொருத்தியிடம் போயிற்று என்றதும், முதல் வசனத்தை எடுத்துக் காட்டி இது கல்யாணமே இல்லை என்றார். அந்தச் சண்டையில்தான் நாட்டின் மதமே மாறியது. அடுத்தவளுக்குப் பிறந்த பெண்தான் நாடகக் காலத்து ராணி. அண்ணி கல்யாணம் செல்லும் என்று யாராவது சொன்னால் அந்த ராணி முறையான வாரிசே இல்லை என்று ஆகிவிடும். ஆகவே அது பாவம் என்று நினைப்பது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது. எந்த வசனம் வேண்டுமோ அதைப் படித்தார்கள். நீயும் அதைத்தான் செய்கிறாய்.

பழி வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். தனி மனிதன் பழி வாங்குவதைச் சட்டமும் ஒப்பவில்லை, மதமும் ஒப்பவில்லை. அது கடவுளுக்கும் அரசனுக்கும் உரிய வேலை. ஆனால் அப்பனைக் கொன்றவனை விட்டுவைப்பவன் ஆம்பளையா என்ற பேச்சும் கூடவே இருந்தது. இன்னொன்றும் உண்டு. நெருப்பில் தூய்மையாகிக்கொண்டிருக்கும் ஆன்மா வந்தால் பிரார்த்தனை கேட்கும். கொலை கேட்காது. கொலை கேட்கும் அப்பாவைக் கண்டால் பழைய நம்பிக்கைக்காரனே சந்தேகப்படுவான்.

இப்போது நம் அப்பாவுக்கு வருகிறேன். “விட்டுடாத” என்றால் என்ன? சும்மா விடாதே என்றும் பொருள். கைவிடாதே என்றும் பொருள். கடையில் ஆறடிக் கண்ணாடியை இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டும்போது அப்பா வாயில் ஒரே வார்த்தைதானே வரும்? விட்டுடாத, விட்டுடாத. கல்யாணம் காட்சி இல்லாமல் இருபது வருஷமாக நம் வீட்டு முன்னறையில் கிடக்கும் தம்பியைப் பற்றி, சாகப்போகிற அண்ணன் மகனிடம் வேறு என்ன சொல்வார்? அவனைக் கைவிட்டுவிடாதே என்றார். நீ பதினான்கு மாதமாக அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

நாற்பது நிமிஷம் உண்மை. சித்தப்பாவே மறைக்கவில்லை. ஒண்ணுமில்ல, தலைசுத்தல்தான், நீ ஏத்தி முடி என்று அப்பாதான் சொன்னாராம். அண்ணன் பேச்சைக் கேட்டிருக்கக்கூடாது என்று அம்மாவிடம் அவர் எத்தனை முறை சொல்லி அழுதார் என்று எனக்குத் தெரியும். ஏன் இந்தக் கல்யாணம் என்று அம்மாவைக் கேட்டேன். “ரெண்டு ரூம்ல ரெண்டு பேரு இருமிக்கிட்டு இருக்கோம். ஒருத்தர் இருமினா இன்னொருத்தர் எழுந்து போய்ப் பாக்கறதுக்கு ஒரு பேரு வேணும்ல” என்றாள். அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. அவர் நாற்பது நிமிஷம் தாமதித்தார். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தது பதினொரு நாள். நீ எத்தனை நாள் தாமதித்தாய்?

அக்கா

*

மார்ச் 17

அக்கா,

கடைசி வரியை எழுதும்போது உனக்கே சுரீரென்று இருந்திருக்கும். எனக்கு இருந்தது.

வெளிநாட்டில் ஒன்பது ஊரில் நாடகம் ஒப்புக்கொண்டிருந்தோம். நான் போனால் மற்ற பதினாலு பேரும் திரும்பவேண்டும். இன்னும் இரண்டு காட்சி, இன்னும் இரண்டு காட்சி என்று தள்ளினேன். அப்பா தேறிவிடுவார் என்று நினைத்தேன். அந்த ஆளும் இப்படித்தான் நினைத்துக் கண்ணாடி ஏற்றியிருப்பார் என்று நீ சொல்ல வருகிறாய். புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது?

உன் அர்த்தத்துக்கு வருகிறேன். கண்ணாடி தூக்கும்போது அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கிறது. அந்த ஹோட்டல்காரன் கண்ணாடிக் கதவைத் தானே உடைத்துவிட்டு, பொருத்தினது சரியில்லை என்று சண்டைக்கு வந்தானே, அன்று அப்பா என்ன சொல்லி அனுப்பினார்? அவன விட்டுடாத. அதே கடை, அதே வாய், அதே வார்த்தை. அந்த ஆளும் போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டு வந்தார். ஆகவே உன் பிழை திருத்தும் புத்தியை என்னிடம் காட்டாதே.

ஆனால் ஒன்று. இங்கே ஒத்திகையில் அந்த ராஜாவின் காட்சி வந்தால் நான் மேடையைப் பார்ப்பதில்லை. ஒளி அமைப்பவரிடம் ஏதாவது பேசிக்கொண்டிருக்கிறேன். நேற்று நடிகர் கேட்டே விட்டார். “நீங்க பாக்காம நான் யாருக்கு நடிக்கிறேன்?” என்றார்.

போனில் எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. நீ பக்கத்தில் இருந்தாய். அவர் முகத்தைப் பார்த்தாய். நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். அவர் சொன்னது கைவிடாதே என்பதுதான் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியும் என்று ஒரு வரி எழுது போதும். மனுவைக் கிழித்துவிடுகிறேன். உன் மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும், நீ பொய் சொல்லமாட்டாய்.

தம்பி

*

மார்ச் 22

தம்பிக்கு,

மூன்று நாளாக இந்த ஒரு வரியை எழுதிப் பார்க்கிறேன். தெரியும், தெரியும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை அனுப்பினால் எல்லாம் முடிந்துவிடும். அம்மா ஏப்ரல் எட்டாம் தேதி பதிவாளர் முன்னால் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவாள்.

எனக்குத் தெரியாது.

அப்பா முகத்தில் இடது பாதி அசையவில்லை. வலது கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஆனால் அது எல்லா நாளும்தான் வந்தது. நீ எடுத்துக்கொண்ட அர்த்தத்தில்தான் அன்று நானும் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் டாக்டர் சொன்னதை உடனே உனக்குச் சொன்னேன். அதன் பிறகு ஒரு மாதம் நான் சித்தப்பாவிடம் பேசவில்லை. அவர் சமையலறைக்குள் வந்தால் நான் வெளியே போவேன். அவர் சாப்பிட்ட தட்டை நான் கழுவமாட்டேன். உன்னை வெளியே போ என்றது அவருக்காக இல்லை, அம்மா அந்த நேரத்தில் விழுந்துவிடுவாள் போல இருந்தாள்.

இன்னொரு அர்த்தம் எனக்குத் தோன்றியது எப்போது தெரியுமா? ஒருநாள் கடைக்குப் போனேன். தனியாகத் தூக்க முடியாத கண்ணாடி ஒன்றைச் சித்தப்பா சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வருவது கண்ணாடியில் தெரிந்தது, திரும்பவில்லை. போய் மறுபக்கம் பிடித்தேன். வாசற்படி தாண்டும்போது அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். அன்றிலிருந்து அதுதான் அர்த்தம் என்று வைத்துக்கொண்டேன். அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவள் நான். எனக்கு அந்த அர்த்தம் வேண்டியிருந்தது. நான் படித்த வசனம் அது.

இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது. உன்னோடு பேசிய பிறகு அப்பா நான்கு நாள் இருந்தார். ஆமாம், இல்லை என்று கண்ணை மூடித் திறந்து சொல்லும் நிலையில்தான் இருந்தார். நான் கேட்டிருக்கலாம். அப்பா, என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று ஒரே கேள்வி. தினமும் பக்கத்தில் உட்கார்ந்தேன், கேட்கவில்லை. நீ நினைக்கும் அர்த்தம்தான் என்று கண்ணை மூடிவிடுவாரோ என்று பயம். அந்த நாடகத்தில் இளவரசன் சந்தேகப்பட்டு நாளைக் கடத்துகிறான் என்று எல்லாரும் அவனைக் கோழை என்கிறார்கள். அவனாவது தெரிந்துகொள்ள ஏதேதோ முயற்சி செய்தான்.

ஆகவே உனக்கு நான் அப்பாவின் குரலில் எதையும் சொல்லமாட்டேன். இறந்தவர் இதைத்தான் சொன்னார் என்று நிச்சயமாக வந்து நிற்பவர்களைப் பார்த்து அந்தக் காலத்து ஜனங்கள் பயந்தது சரிதான் என்று தோன்றுகிறது. மூன்றாம் தேதிவரை நேரம் இருக்கிறது. நீ என்ன செய்தாலும் நீ செய்ததாக இருக்கட்டும், அப்பா செய்யச் சொன்னதாக வேண்டாம்.

கையேட்டுக்கான இரண்டு பக்கத்தைத் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் என் பெயரைப் போடாதே.

அக்கா

*

ஏப்ரல் 2, ரயிலில்

அக்கா,

எழுத்து ஆடுகிறது, மன்னித்துக்கொள். நேற்று நம் ஊரில்தான் இருந்தேன். வீட்டுக்கு வரவில்லை.

காலையில் நேராகப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன், மனுவோடு. நீ பொய் சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன். தெரியாது என்று எழுதிவிட்டாயே, பிறகு எனக்கு எதையும் கிழிக்கத் தோன்றவில்லை. தெரியாவிட்டாலும் செய்யலாம் என்று தோன்றியது. கோபத்துக்கு நிச்சயம் தேவைப்படுவதில்லை.

படி ஏறினதும் இடதுபக்கம் அறிவிப்புப் பலகை. அம்மா பெயரும் அவர் பெயரும் வேறு பதினோரு ஜோடிக்கு நடுவில் இருந்தன. மற்றவர்களுக்கெல்லாம் வயது இருபத்தைந்து, இருபத்தெட்டு. இவர்களுக்கு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு. யாரோ அங்கே காத்திருந்த பெண்ணும் பையனும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஆட்சேப மனு வாங்குகிற பெண் அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு நாலு பக்கத்தையும் முதலில் படிக்கவே இல்லை. விண்ணப்ப எண்ணைக் கேட்டு, கோப்பை எடுத்துவந்து விரித்தார்.

“நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இதுல ஒண்ணு எனக்கே இடிச்சுக்கிட்டு இருந்தது” என்றார். மாப்பிள்ளைக்கு முன்னால் திருமணம் ஆகவில்லை என்று இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற இடத்தில் ‘இருவர்’ என்று எழுதியிருக்கிறது. கல்யாணமே ஆகாதவருக்கு இரண்டு பிள்ளை எப்படி? காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். கடையில் அவர் கண்ணாடி அளவு குறிக்கும் அந்தப் பெரிய பெரிய எழுத்து. மகள், முப்பத்தாறு, புத்தகத்தில் பிழை திருத்துகிறாள். மகன், முப்பத்திரண்டு, நாடகம் போடுகிறான். என் வயது சரியாக இருந்தது.

உடனே எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் நம்பு. யாரோ வேறு இரண்டு பேர் என்று நினைத்தேன்.

“தப்பான தகவல்னா இது ஒண்ணே போதும். நீங்க இந்த நாலு பக்கத்தைக் குடுக்கவே வேணாம், விண்ணப்பம் இங்கயே நின்னுடும்” என்றார் அந்த அதிகாரி. பேனாவை எடுத்துக்கொண்டு, “சொல்லுங்க. இது சரியா, தப்பா?” என்று கேட்டார்.

அக்கா, இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கொலை, பழி, பாவம் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியது எதுவும் வேண்டியதில்லை. தப்பு என்ற ஒரு சொல் போதும். அதுவும் பொய்யில்லை. யார் கேட்டாலும் நான் அவருடைய மகன் இல்லை, அண்ணன் மகன். என் பின்னால் இருந்தவர், சீக்கிரம் சார் என்றார்.

“சரியாத்தாம்மா எழுதியிருக்காரு. ரெண்டு பேரு” என்றேன்.

“அப்ப நீங்க யாரு?” என்றார்.

“மகன்” என்றேன். அவர் இரண்டாவது முறை கேட்டார், இரண்டாவது முறையும் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிறகு எதற்கு ஆட்சேப மனு கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். தேதி தெரிந்துகொண்டு போக வந்தேன் என்று உளறினேன். நம்பவில்லை. ஆனாலும் கோப்பை மூடவில்லை.

சித்தப்பாவை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பஸ்ஸில் கடையைத் தாண்டித்தான் போனேன், இறங்கவில்லை. அந்த நாற்பது நிமிஷம் எனக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என் பதினொரு நாளும் இருக்கிறது. எட்டாம் தேதி அவர் எதிரில் நின்றால் எங்கே பார்ப்பேன் என்று தெரியவில்லை.

சாட்சிகள் பட்டியலில் முதலில் உன் கையெழுத்து இருந்தது. ஊரெல்லாம் பிழை பிடிக்கிறவள், அந்தப் பக்கத்தின் கீழேயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அந்த ‘இருவர்’ மட்டும் உன் கண்ணில் படவில்லையாக்கும். இரண்டாவது இடத்தில் பக்கத்துக் கடைக்காரர். மூன்று சாட்சி வேண்டுமாம், மூன்றாவது இடம் காலியாக இருந்தது. யாரும் இல்லையா என்று அந்த அதிகாரி கேட்டார்.

அதில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு வந்துவிடுவேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

தம்பி